பழுது தேராது பழித்தல்

யந்திரம் ஒன்று இயங்காது நின்றவுடனே அஃது இறந்ததென்று தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. மின்விசிறி நின்றால் மாற்று, கைப்பேசி அணைந்தால் மாற்று, கணினி விழியாவிடின் மாற்று என்பதே எங்கும் கேட்கும் மொழி. இதனால் விளைவது பொருளழிவு மட்டுமன்று. ஆராய்ந்து அறியும் பழக்கமே நம்மை விட்டு அகலுகின்றது என்பது நம் அபிப்பிராயம். இதனை நாம் நூலிற் கற்றதன்று. நம் கலாசாலைத் தமிழ்த் துறையின் கணினி, ரேம் கூட்டிய அன்றே விழியாது நின்றமையாற் கற்றது.

துறை நூலகத்தின் மூலையிலிருக்கும் அக்கணினி வயதில் மூத்தது. நாம் ஆரம்பப் பள்ளியிற் படித்த காலத்தில் வாங்கப்பெற்றது. இன்டெல் செயலியும், டி.டி.ஆர் 3 வகையைச் சார்ந்த 4 ஜிபி ரேம் ஒன்றும் உடையது. அதன் வட்டிலே, நமக்கு முன் படித்த மூன்று வகுப்பினர் பேரூர், தொண்டாமுத்தூர், அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் முதியோர் பாடக் கேட்டுத் தட்டச்சிட்ட தாலாட்டும் ஒப்பாரியும் கும்மிப் பாட்டும் இருந்தன. பாடினவருட் சிலர் இன்று உயிரோடு இல்லை. வேறு பிரதியோ ஒன்றேனும் எடுத்துவைக்கவில்லை. இது நம் துறையின் குற்றமே, மறைக்க விரும்பவில்லை.

மைக்ரோசாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தினர். விண்டோஸ் 11 இத்தகைய முதிய செயலிகளை ஏற்பதன்று. ஆகவே லினக்ஸ் இட்டு, ரேமையும் கூட்டி, இன்னும் சில ஆண்டு ஓட்டலாமெனத் துறையார் முடிவு செய்தனர். அக்காலத்திலோ ரேமின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கென எழும் தரவு மையங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளிற் பெரும் பகுதியை விழுங்கத் தொடங்கியமையே காரணம். ‘க்ரூஷியல்’ என்ற பெயரால் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் கம்பெனியார், அவ்வியாபாரத்தினின்றும் விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தனர். இந்நிலையிற் பழம்பொருள் விற்பார் ஒருவரிடம் 8 ஜிபி ரேம் ஒன்று வியக்கத்தக்க மலிவாகக் கிடைத்தது. மலிவு கண்டபொழுதே ஐயுற்றிருத்தல் வேண்டும், நாமோ மகிழ்ந்தோம்.

பொருத்தினோம், பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுத்தே நின்றது. பழுது பார்ப்போர் வழக்கில் ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்பது இந்நோய்க்குப் பெயர். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் இட்டுப் பார்த்தோம். அப்பொழுதும் அதே நிலை. இங்கேதான் மனம் கலங்கியது. புதிய ரேம் தீயதாயின் அதனை எடுத்தவுடன் பழைய நிலை திரும்ப வேண்டுமன்றோ? திரும்பவில்லையாதலின் தாய்ப்பலகையே, அதாவது மதர்போர்டே, எரிந்துபோயிற்று என்று நாமே முடிவு கட்டினோம். தர்க்கத்துக்கு ஒத்ததுபோலத் தோன்றும் இம்முடிவு எங்ஙனம் பிழைத்ததென்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கணினிப் பெட்டியை இருசக்கர வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரம் சென்றோம். (இந்நகரின் நகரசபைத் தலைவராயிருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் பெயரால் அமைந்தது அப்பகுதி. இரண்டு எழுத்தாகச் சுருக்கியே வழங்குதலால் பெயர்க்குரியாரை நம்மிற் பலர் அறியார். அது நிற்க.) அங்கே ஒரு கடைக்காரர் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மூடியைக் கழற்றினாரல்லர். “போர்டு போயிருச்சுங்க தம்பி. இந்தப் போர்டு இப்பக் கெடைக்கறதில்லீங்க. பழசைக் குடுத்துட்டு வேற செட்டு எடுத்துக்கங்க, கொறைச்சுப் போட்டுத் தர்றேன்” என்றார். பழையதைக் கொடுத்தல் எனின் அதனுள்ளிருக்கும் வட்டையும் கொடுத்தல். நாம் அதற்கும் இசைந்திருப்போம். ஏனெனின், ‘நினைவகம்’ கெட்டதென்று கேட்டவுடனே நினைவில் இருந்தனவெல்லாம் கெட்டன என்று கொண்டு, துறை முழுதும் பாடல்களுக்காகத் துக்கித்துக்கொண்டிருந்தது. யவீருவின் வீட்டிற் புலம்பி நின்றோர்க்கும் நமக்கும் அன்று வேறுபாடு இல்லை.

நம்மைத் தடுத்தவர் பேராசிரியரல்லர். துறையின் உதவியாளராகிய பெரியவர். தோட்டமும் கிணறும் உடையவர். விலை பேசுமுன் துறையைக் கேட்போமென்று தொலைபேசியில் அழைத்தபோது அவரே எடுத்தார். கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, மோட்டார் ஓடலீன்னா மொதல்ல ப்யூஸைத்தானே பாப்போம், கெணத்தையா மூடுவோம்?” என்றார். அச்சொல் உறைத்தது. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

முதலில் ‘நினைவகம்’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழ் படிப்போர் சொல்லால் மயங்குதல் ஏனையோர் மயங்குதலினும் வெட்கத்துக்குரியது. ரேம் என்பது நூலக அலமாரி அன்று, வகுப்பறைக் கரும்பலகை. ஐ.பி.எம். கம்பெனியைச் சார்ந்த ராபர்ட் டென்னார்டு என்பார் 1968-இல் உரிமம் பெற்ற அமைப்பே இன்றும் அதற்கு அடிப்படை. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு குறியைத் தாங்கும். தேக்கிய மின்னோ ஓட்டைக் குடத்து நீர்போற் கசிந்துகொண்டேயிருக்கும். ஆதலின் ஒரு நொடியில் பன்முறை, சாதாரணமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை, எல்லாக் குறிகளையும் வாசித்துத் திரும்ப எழுதவேண்டும். மின்சாரம் நின்றால் யாவும் அழியும். நாள்தோறும் மாலையில் அழியத்தான் அழிகின்றது. நிலைத்து நிற்பன வட்டில் உள்ளவை. கடைத்தெருவிலே இரண்டையும் ‘மெமரி’ என்று ஒரு சொல்லால் வழங்குகின்றனர். நாமும் அவ்வழக்கைத் தமிழாக்கி மயங்கினோம். வட்டுக்குச் ‘சேமிப்பகம்’ என்ற சொல் இருக்கவும் அதனை எடுத்தாளாமை நம் சோம்பலே.

ஆகவே நாம் செய்த முதற் காரியம் வட்டைக் கழற்றி, இணைப்பான் ஒன்றால் வேறொரு கணினியில் மாட்டியது. பாடல்கள் அனைத்தும் இருந்தன. இரண்டு பிரதி எடுத்த பின்னரே யந்திரத்தைத் தொட்டோம். இவ்வரிசையை மாற்றிச் செய்வோர் பலர். அது தவறு.

இனி, ஆராய்ச்சி. ஏட்டுச்சுவடியில் ஓரிடம் பொருள்படாது நிற்குமாயின் நூலே பிழையென்று எந்தப் பதிப்பாசிரியரும் கூறார். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிய பிரதிகள் எதற்கு? ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு, எழுதினோன் பிழை எது, ஏடு சிதைந்தமையால் வந்த பிழை எது, ஆசிரியரின் பாடம் எது என்று பகுத்தறிதற்கே. இம்முறையை ஆனர்ஸ் வகுப்பில் நாம் பரீட்சைக்கு எழுதுகின்றோம். மேசைமேலிருக்கும் யந்திரத்தின்பால் அதனைச் செலுத்த வேண்டுமென்று மட்டும் தோன்றுவதில்லை. ஐயமற நல்லதென்று தெரிந்த ஒன்றைக் கையிற் கொள்ளுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், கண்டதை எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் ஏட்டுக்கும் ரேமுக்கும் பொதுவே.

மின்கம்பியைப் பிடுங்கி, பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கினோம். பெட்டியின் இரும்பைத் தொட்டு நம் உடலில் தேங்கிய நிலைமின்னைக் கழித்தோம். பின்னர்ச் சில ரூபாய் விலையுள்ள சிறு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கித் தாய்ப்பலகையிற் செருகினோம். இதுவே திறவுகோலாயிற்று. கணினி விழிக்கும்பொழுது திரை வருமுன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினி முதற்கொண்டு உள்ள ஏற்பாடு இது. குறை கண்டால் ஒலியால் அறிவிக்கும். எத்தனை ஒலி, நெடிலோ குறிலோ என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். நம் பெட்டியிலோ அதன் வாயை யாரும் பொருத்தியிருக்கவில்லை. ஊமையை ‘ஏன் பேசவில்லை’ என்று கடிந்துகொண்டிருந்தோம்.

ரேம் யாதொன்றும் இன்றி யந்திரத்தை முடுக்கினோம். இடைவிட்டு இடைவிட்டுக் கூவிற்று. அக்கூவலைக் கேட்டபொழுது நாம் அடைந்த களிப்பு சொல்லுந்தரமன்று. ரேம் இல்லையென்று முறையிடும் பலகை எங்ஙனம் இறந்த பலகையாகும்? முறையிடுதற்குச் செயலி இயங்க வேண்டும்; பயாஸ் என்னும் தொடக்க நிரல் வாசிக்கப்பட வேண்டும்; மின்வழங்கி நல்லதாயிருத்தல் வேண்டும். ஒரே ஒலியால் மூன்று ஐயம் அகன்றன. அடுத்து, பழைய ரேமை இட்டு முடுக்கினோம். அதே கூவல். அதாவது, ரேம் செருகியிருந்தும் யந்திரம் அதனைக் காணவில்லை. ஆகவே பழுது ரேமில் இருத்தல் வேண்டும், அன்றித் தொடர்பில் இருத்தல் வேண்டும்.

உற்று நோக்கினோம். ரேமின் பொன்னிற விளிம்பிற் பல்லாண்டு அழுக்கு, செருகுமிடத்திலே தூசி, இரு பக்கத்துக் கொக்கிகளில் ஒன்று மட்டுமே முழுதும் பற்றியிருந்தது. புதியதைப் பொருத்தும் அவசரத்திற் பழையதையும் ஒருமுறை கழற்றி மாட்டினோமல்லவா, அப்போது நேர்ந்தது அது. விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தோம். (ரப்பரால் தேய்ப்பதே கடைவழக்கு; துகள் உள்ளே தங்குமென்று அஞ்சி விட்டோம்.) செருகுமிடத்தை உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினோம். நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்து, பயாஸ் அமைப்பு முதல்நிலைக்குத் திரும்புமாறு செய்தோம். பின் இரு முனையையும் பெருவிரலால் அழுத்த, இரண்டு கொக்கியும் ‘டக்’கென்று பற்றின. முடுக்கினோம். குறுகிய ஒலி ஒன்று. உடனே திரை ஒளிர்ந்தது.

இனிப் புதிய ரேம். அதனை மட்டும் தனியே இட்டபோது மீண்டும் கறுப்புத் திரை. செருகுமிடத்தை மாற்றினோம், பயனில்லை. அதுவேனும் கெட்டதோ எனின், அதுவும் இல்லை. பொருளியல் துறையில் ஏ.எம்.டி. செயலியுள்ள பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் இட்டவுடன் பழுதின்றி ஓடிற்று. டி.டி.ஆர் 3 காலத்து ரேம்களில் ஏ.எம்.டி. பலகைகளில் மட்டும் இயங்கும் ஒருவகை உண்டு. அதன்கண் சில்லுகள் அமைந்த முறையை இன்டெல் பலகைகள் ஏற்பதில்லை. அளவும் விளிம்பும் ஒன்றாயிருத்தலாற் பிழையின்றிப் பொருந்தும், ஆயின் விழிக்காது. மலிவுக்குக் காரணம் அதுவே.

ஆக, நம் முதல் முடிவு பிழைத்தது எங்ஙனமெனின், பழுது ஒன்றேயென்று கொண்டமையால். உண்மையில் இரண்டு இருந்தன. புதியது ஏலாமை ஒன்று. பழையது சரியாக அமராமை மற்றொன்று. ஒன்றை நீக்கியபோது மற்றொன்று மறைத்தது. பலகை, பழைய ரேம், புதிய ரேம் ஆகிய மூன்றும் நல்லனவே. நாமும் கடைக்காரரும் சேர்ந்து குற்றமற்ற ஒன்றைக் கொலைக்களத்துக்கு அனுப்பவிருந்தோம்.

நம் அனுபவம் ஒன்றைக்கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாதென்பர். உண்மைதான், ஆயினும் இதுபோல்வன பல. டி.டி.ஆர் 3 ரேம் 1.5 வோல்ட் கேட்கும், 1.35 வோல்ட்டில் இயங்கும் மற்றொரு வகையும் உண்டு. இப்பின்னதையே ஏற்கும் மடிக்கணினியில் முன்னதை இட்டு, மடிக்கணினி போயிற்று என்று கைவிடுவோர் உளர். டி.டி.ஆர் 5 ரேம் பூண்ட புதிய கணினிகளோ ரேம் மாற்றிய பின் முதல்முறை விழிக்கும்பொழுது, மின்குறிகளின் காலத்தைத் தாமே அளந்து சரிப்படுத்திக்கொள்ளும். அவ்வளவு நேரமும் திரை இருண்டிருக்கும். சில நிமிடமும் ஆகலாம். பொறாதவர் இடையில் அணைத்து அணைத்து ஏற்றிப் பதறுவர். ரேம் பொருத்தும்போது கை பட்டு மின்கம்பி ஒன்று தளர்ந்திருத்தலும் உண்டு. இன்னும், திரையில் எழுத்துத் தோன்றி, துவக்கும் வட்டு இல்லையென்று மட்டும் கூறுமாயின், ரேமைக் குறைகூற இடமேயில்லை. வட்டின் கம்பியைப் பார்த்தல் வேண்டும். விழித்தும் இடையிடையே மயங்கி விழுமாயின் மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலை ஓர் இரவு ஓடவிடல் தகும்.

பெரியோர் ஆராய்ந்த கதை ஒன்று. 1970-களின் இறுதியில் இன்டெல் கம்பெனியாரின் நினைவகச் சில்லுகளிற் காரணமின்றிக் குறிகள் மாறின. சில்லும் நன்று, பலகையும் நன்று. மே, உட்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்து, சில்லைப் பொதிந்த பீங்கானிலே சிறிதளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்பாத் துகள்களே காரணமென்று 1978-இல் வெளியிட்டனர். சில்லை மாற்றுக, மாற்றுக என்றிருந்தால் அது தெரிந்திருக்குமா?

கடைக்காரரை நாம் இகழவில்லை. அவர் பக்கத்து நியாயமும் உண்டு. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டினால் செம்புக் கம்பி கண்ணுக்குத் தெரிகின்றது, பேரமின்றிக் கொடுக்கின்றோம். ஒருவர் அரைமணி நேரம் சிந்தித்துக் கொக்கியை அழுத்தித் தந்தால், ‘இதற்கா காசு?’ என்கின்றோம். சிந்தனைக்குக் கூலி கிடையாத இடத்திற் பொருளை விற்றுத்தான் அவர் பிழைக்க வேண்டும். ஆதலின் பழுது பார்த்தலுக்கென்று தனியே கூலி கொடுத்தல் நம் கடன். எதனை எதனை மாற்றிப் பார்த்தேன், யாது கண்டேன் என்று இரண்டு வரி எழுதித் தருதல் அவர் கடன். அவ்விரண்டு வரி இல்லாத தீர்ப்பை ஏற்கலாகாது.

இதனை நாம் கூறுவது கோயம்புத்தூரில். ஜி. டி. நாயுடு இளமையில் ஆங்கிலேயர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துத் திரும்பப் பூட்டிய கதை இவ்வூரில் யாவரும் அறிந்தது. அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. இங்கே ஒரு கலாசாலையில் மூடியைக் கழற்ற அஞ்சுதல் அழகன்று. ‘தமிழ் படிப்பார்க்கு இஃது எதற்கு?’ என்று வினவுவார்க்கு ஒரு விடை உண்டு. தரங்கம்பாடி மிஷனார்க்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியன. அவற்றால் அச்சிட்டாற் காகிதம் போதாது. பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தனர் என்பர். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முற்றுப்பெற்றது அங்ஙனமே. மாற்றித் தரக் கடை இருந்திருப்பின் என்ன செய்திருப்பரோ, அறியோம்.

எல்லாவற்றையும் மாணவரே திறத்தல் வேண்டுமென்பதும் நம் கருத்தன்று. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிர்கொல்லும் மின் தேங்கி நிற்கும். தாய்ப்பலகை உண்மையிலேயே எரிவதும் உண்டு. நாம் வேண்டுவது இவ்வளவே: ஒவ்வொரு துறையிலும் ஒரு திருப்புளி, ஒரு தூரிகை, ஸ்பீக்கர் ஒன்று, சோதித்து நல்லதென்று கண்ட ரேம் ஒன்று, ஒரு குறிப்பேடு ஆகியன ஒரு சிறு பெட்டியில் இருத்தல். இவற்றுள் ரேம் ஒழிந்த ஏனையவற்றின் விலை நம் விடுதியின் ஒருநாள் சிற்றுண்டிச் செலவுக்கும் வாராது. தமிழ்த் துறையில் வைத்துவிட்டோம். குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் மேற்கூறிய வரலாறு தேதியோடு எழுதப்பட்டிருக்கின்றது. பாடல்களின் பிரதி ஒன்று நூலகத்திலும், மற்றொன்று நகருக்கு வெளியே பழைய மாணவர் ஒருவர் இல்லத்திலும் உள்ளன.

அந்த 8 ஜிபி ரேமை விற்றவர் திரும்ப ஏற்கவில்லை. பொருளியல் துறையார் தங்கள் கணினிக்கு அது வேண்டுமென்று வாய்ச்சொல்லாகக் கேட்டிருக்கின்றனர். கொடுக்கத் தடையில்லை. மேசை அறையில் இருக்கின்றது. யாரேனும் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுச் செல்லலாம். பொருத்தும்பொழுது இரண்டு கொக்கியும் பற்றினவா என்று பார்த்துக்கொள்ளவும்.